துரை வண்டி, சாயூர் வண்டி

கதவின் வெள்ளைச் சாயத்தைத் தேய்த்தபோது அடியில் நீலம் வந்தது. நீலத்தைத் தேய்த்தபோது பச்சை. அந்தக் கரும்பச்சையின் நடுவில், ஒரு சாண் உயரத்தில், வெள்ளை நிறத்தில் 4 என்று எழுதியிருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பாட்டியைக் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இது தொர வண்டில்ல. நாலாம் நம்பரு" என்றார். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஏறக்குறைய ஐம்பது வருடம் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டி அது. தாத்தாவின் வண்டி என்றுதான் எங்களுக்குத் தெரியும். தாத்தாவுக்கு முன்னால் அது யாருடையது என்று நான் கேட்டதே இல்லை. சாயூர் ஏற்றுகிற லேண்ட்ரோவருக்கு ஒரு முன்கதை இருக்கும் என்றெல்லாம் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் யாருக்குத் தோன்றும்?

கேமரன் மலைக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு இந்த வண்டிகளைத் தெரிந்திருக்கும். ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் படம் எடுக்கப் போகிறவர்களை உரசுவதுபோல, முட்டைகோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு, கரும்புகை விட்டபடி ஏறும். சிலவற்றுக்கு எண் தகடு இருக்காது, சிலவற்றுக்குக் கதவே இருக்காது. பதிவோ சாலை வரியோ இல்லாமல் தோட்டத்துக்குள்ளேயே ஓடித் தேய்கிற வண்டிகளுக்கு 'லோரி ஹந்து' என்று பெயர். பேய் லோரி. எங்களுடையது பேய் இல்லை. அதற்குக் கிராண்ட் உண்டு. இந்தக் கட்டுரையே கடைசியில் அந்தக் கிராண்டைப் பற்றியதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஆரம்பித்தது வெறும் இரும்பு வேலையாக.

வண்டி லேண்ட்ரோவர் சீரிஸ் 2ஏ, 109 அங்குல பிக்அப். 1966இல் பதிவானது. 109 என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம். விளக்குகள் இரண்டும் முகத்தின் நடுவில் நெருங்கியிருக்கும். 1960களின் கடைசியில்தான் அவற்றை இரண்டு பக்கமும் தள்ளி வைத்தார்கள். சேஸிஸ் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை வைத்தே அது பெட்ரோலா டீசலா, நீளமா குட்டையா, இங்கிலாந்திலேயே ஓடச் செய்ததா ஏற்றுமதிக்குச் செய்ததா என்று படித்துவிடலாம். எங்களுடையது ஏற்றுமதிக்குச் செய்த பெட்ரோல் வண்டி. இப்போது அதற்குள் இருப்பது ஜப்பானிய டீசல் எஞ்சின். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

லேண்ட்ரோவரின் பிறப்பே ஸ்பேர் பார்ட்ஸ் தொல்லையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவிலிருந்த தன் பண்ணையில், போர் முடிந்து மிச்சப்பட்ட ஒரு அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதானால் பாகம் கிடைப்பது பெரும்பாடு. ஜீப் செத்துப்போனால் என்ன வாங்குவது என்று அண்ணன் ஸ்பென்ஸர் வில்க்ஸ் கேட்க, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று 1947இல் ஆரம்பித்தார்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவருகிற ஆலைக்குத்தான் எஃகு. விமானத் தொழில் அப்போது சுருங்கியதால் அலுமினியம் கிடைத்தது. ஆகவே உடம்பெல்லாம் பர்மாபிரைட் என்ற அலுமினிய–மக்னீசியக் கலவை. சேஸிஸ் மட்டும் எஃகுத் துண்டுகளைப் பெட்டி வடிவில் பற்றவைத்தது. முதல் வண்டிகளுக்குப் பூசிய வெளிர்பச்சைகூட விமானத்துக்கு வாங்கி மிஞ்சிய சாயம்தான். கையிருப்பில் இருப்பதை வைத்துச் சமாளித்துச் செய்த வண்டி. சில வருடம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தார்கள். சீரிஸ் வரிசை மட்டும் 1985 வரை வந்தது.

ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அதை வெளியிட்ட நாள் 1948 ஏப்ரல் 30. அதிலிருந்து சரியாக ஏழு வாரம் கழித்து, ஜூன் 18, மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளுக்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டு தேதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வந்தவை அல்ல. ஆனாலும் பண்ணைக்காக வரைந்த அந்த வண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்தது போர் வண்டியாகத்தான். காடு, மலை, சேறு, தார் போடாத தோட்டச் சாலை: போலீசுக்கும் ராணுவத்துக்கும் துரைக்கும் இதைவிடத் தோதான வண்டி அன்று இல்லை. சிலர் அதற்கு இரும்புக் கவசத் தகடு மாட்டி ஓட்டினார்கள். 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஃபிரேசர் மலைக்குப் போகிற வழியில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டபோது, அவருடைய ரோல்ஸ் ராய்ஸுக்கு முன்னால் போலீஸ்காரர்களை ஏற்றிப் போனதும் ஒரு லேண்ட்ரோவர்தான்.

பாட்டி 1943இல் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அவருக்கு கர்னியும் தெரியாது, பிரிக்ஸ் திட்டமும் தெரியாது. பிரிக்ஸ் திட்டம் என்றதும் நமக்குச் சீனர்களின் புதுக்கிராமங்கள்தான் ஞாபகம் வரும். அதே காலத்தில்தான் சிதறிக் கிடந்த தோட்ட லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். கேட்டைத் தாண்டிச் சோறு கொண்டுபோகக் கூடாது. கடையில் டின் பால் வாங்கினால், டின்னில் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். மூடிய டின் காட்டுக்குப் போய்விடும் என்று பயம். பாட்டி சொல்வது இவ்வளவுதான்: "வேலைக்குப் போறப்ப அம்மா மடிய அவுத்துக் காட்டணும். பொம்பளைங்கன்னு பாக்க மாட்டானுங்க. அந்த வண்டி சத்தம் கேட்டா நாங்கெல்லாம் வீட்டுக்குள்ள ஓடிருவோம்."

அந்த வண்டிச் சத்தம். நான் யூடியூபில் சீரிஸ் 1 எஞ்சின் சத்தத்தைத் தேடி எடுத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். பொறியாளன் புத்தி. "சின்னப்புள்ளத்தனமா இருக்காத" என்று சொல்லிவிட்டார். சரிதான்.

நம்முடைய தோட்டக் கதைகளில், நான் படித்தவரைக்கும், துரை எப்போதும் வண்டியிலிருந்து இறங்குகிறார். தொப்பி வருகிறது, பூட்ஸ் வருகிறது, கைத்தடி வருகிறது, சில நேரம் நாய்கூட வருகிறது. வண்டி என்ன வண்டி, அதை யார் ஓட்டினார், யார் கழுவினார் என்பது வருவதில்லை. எங்கள் தாத்தா கழுவியவர். தோட்டத்து லோரியில் கெலிண்டானாக இருந்து, பிறகு சாரதி ஆனவர். லோரி சும்மா நிற்கும் நாட்களில் துரை வண்டியைத் துடைப்பதும் அவர் வேலை. 4 என்ற எண்ணைக் கதவில் எழுதியவர் அவராக இருக்காது, ஆனால் வாரம் ஒருமுறை அதைத் துடைத்திருப்பார்.

1969இல் வேலை பெர்மிட் வந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். நம் ஆட்களில் எத்தனையோ ஆயிரம் பேர் கப்பலேறிப் போனது அப்போதுதான். தாத்தாவிடம் சிவப்பு அட்டை. பிறந்தது இங்கேதான், ஆனால் காட்டுவதற்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பெர்மிட்டை எப்படியோ வாங்கினார், ஆனால் தோட்டத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு சீனத் தௌக்கேயின் சாயூர் தோட்டத்தில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்தார். லயத்து வீடு போயிற்று. பலகையும் ஜிங்கும் வைத்து ஒரு வீடு கட்டினார்.

துரை வண்டி விலைக்கு வந்தது 1974இல். அதற்கு முந்தைய அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, உலகம் முழுக்கப் பெட்ரோல் விலை ஏறியிருந்தது. 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மலை ஏற்றம், ஒரு லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர். தோட்ட நிர்வாகம் டீசல் வண்டிக்கு மாறியது, எட்டு வருடம் ஓடிய நாலாம் நம்பரைக் கழித்துக் கட்டியது. தாத்தா பாட்டியின் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து வாங்கினார். மீட்கவே இல்லை என்று பாட்டி இன்றைக்கும் சொல்வார். வாங்கிய வாரமே ஒரு டின் நீலச் சாயம் வாங்கி, பிரஷ்ஷாலேயே வண்டி முழுக்க அடித்தார். பிரஷ்ஷின் கோடுகள் ஐம்பது வருடம் கழித்தும் என் உப்புத்தாளுக்கு அடியில் தெரிந்தன. அவசரமாக அடித்த கை. ஆனால் 4 இருந்த இடத்தில் மட்டும் மூன்று பூச்சு.

இப்போது கிராண்ட் விஷயம். சாயூர் தோட்டத்து நிலம் பெரும்பாலும் அரசாங்க நிலம். அதற்குத் தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ் கொடுப்பார்கள், டி.ஓ.எல். என்போம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது வருடக் கடைசியில் முடிந்துவிடும். திரும்பப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. லைசென்ஸ்காரர் இறந்தால் அதுவும் சேர்ந்து முடிந்துவிடும். தாத்தா முதலில் தௌக்கேயின் லைசென்ஸில் பயிரிட்டார். எண்பதுகளில் நீல அட்டை கிடைத்த பிறகு தன் பெயரில் ஒன்றை வாங்கினார். இருபது, முப்பது வருடம் படிக்கட்டுபோல வெட்டித் திருத்திய மண். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஒவ்வொரு ஜனவரியும் புதிதாக வந்து நிற்கிற ஆள்.

அவர் பிறந்த வீடு தோட்டத்துடையது. பயிரிட்ட நிலம் அரசாங்கத்துடையது. கட்டிய வீடு நிற்கிற இடமும் அதேதான். 1974இலிருந்து சாகும்வரை 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குக் கீழே அவர் பெயர் அச்சான ஒரே காகிதம் லேண்ட்ரோவரின் பதிவுப் பத்திரம். சிவப்பு அட்டைக்காரரும் வண்டி வாங்கலாம். அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வண்டியின் பத்திரத்தை எதற்குச் சாமி மேடையில் வைக்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை.

எஞ்சின் மாறியது 1996இல். நம் நாட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் 'ஹாஃப்கட்' கடை தெரியும். ஜப்பானில் வண்டிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை 'ஷாக்கென்' என்ற பரிசோதனை கட்டாயம். வண்டிக்கு வயதாக ஆக அந்தச் செலவும் ஏறும். அதனால் நன்றாக ஓடுகிற வண்டியையே தள்ளிவிடுகிறார்கள். அதை முழுதாக இங்கே இறக்க ஏ.பி. அனுமதி வேண்டும். பாதியாக வெட்டிவிட்டால் அது வண்டி இல்லை, உதிரிப் பாகம். கொள்கலனில் மூக்கை நீட்டிக்கொண்டு எஞ்சினோடு வந்திறங்கும். கிள்ளானிலும் ஈப்போவிலும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், முகம் மட்டும் உள்ள கார்கள். சாலைச் சட்டமும் சுங்க விதியும் சேர்ந்து உருவாக்கிய விசித்திரமான சந்தை. நம்முடைய ஊர் லேண்ட்ரோவர்களைச் சாகாமல் வைத்திருந்ததும் அதுதான்.

தாத்தா வாங்கியது இசுசு 4ஜேஏ1. நான்கு சிலிண்டர், 2499 சிசி, நேரடி உட்செலுத்தல் டீசல். கணினி இல்லை, சென்சார் இல்லை. அதற்கு எப்படிப் பழுது வரும் என்று எனக்கு விரிவுரையாளர்கள் சொல்லிக் கொடுத்ததைவிட, எப்படி வராது என்று பிரிஞ்சாங் ஃபோர்மேன் சொல்லிக் கொடுத்தது அதிகம். அவர்தான் அன்று அதை மாட்டியவர். சீனர், எழுபதைத் தாண்டியவர், தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மலாய். இசுசு எஞ்சினின் பின்முகமும் லேண்ட்ரோவர் கியர்பாக்ஸின் முன்முகமும் பொருந்தாது. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு வைத்து, ஒரு பக்கம் இதன் துளைகளும் மறு பக்கம் அதன் துளைகளும் போட வேண்டும். எஞ்சினின் கிராங்க் அச்சும் கியர்பாக்ஸின் உள்தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் இதற்கு நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்க அளவை வரைபடம் போட்டோம். அவர் அட்டையை வெட்டி, எண்ணெய் தடவி, துளைகளின் அச்சை எடுத்து, ஈப்போ லேத் பட்டறைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். நான் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். விலகல் நான் அனுமதித்திருக்கக்கூடியதைவிடக் குறைவு.

அந்தத் தட்டின் முன்பக்கம் போல்ட்டெல்லாம் மில்லிமீட்டர், பின்பக்கம் அங்குலம். வண்டியின் கீழே படுத்து வேலை செய்கிறபோது இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். மாற்றி எடுத்தால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். முதல் மாதம் ஆறு தலைகளை உருட்டினேன்.

"எஞ்சின் ஜெப்புன், பாடி இங்கிரிஸ், சாயூர் சினா, டிரைவர் இந்தியா" என்பார் ஃபோர்மேன், பானெட்டைத் தட்டியபடி. "இனி பாரு மலேசியா."

தாத்தா 2011இல் இறந்தார். லைசென்ஸும் முடிந்தது. அப்பா புதிதாக விண்ணப்பித்து, அலைந்து, ஒரு பகுதியை மட்டும் திரும்ப வாங்கினார். வண்டியை அவர் வெள்ளை அடித்து ஓட்டினார், கிராண்ட் தாத்தா பெயரிலேயே இருந்தது. 2013 அக்டோபர் 23, நடுநிசிக்குப் பிறகு சுங்கை பெர்த்தாம் கரைமீறி வந்தது. அந்த இரவைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் சேற்றில் புதைந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. விடிந்தபோது லேண்ட்ரோவர் இருக்கை வரைக்கும் சேற்றில் நின்றது. அப்பா அதை இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் ஜிங்குக் கொட்டகையில் விட்டார். திரும்பித் தொடவில்லை. ஒரு சவாரிக்கு ஒரு பழைய ஹைலக்ஸை வாங்கிக்கொண்டார்.

நான் 2022இல் ஆரம்பித்தேன். பினாங்கில் வேலை. மாதத்துக்கு இரண்டு வாரக் கடைசி, சிம்பாங் பூலாய் வழியாக ஏறி வருவேன். முதல் வேலையாகச் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பெட்டி வடிவச் சேஸிஸ் வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை, உள்ளிருந்து பிடிக்கும். தட்டத் தட்டச் சில இடங்களில் 'டங்' என்றது, சில இடங்களில் 'தொப்'. பின் குறுக்குச் சட்டத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. ஓட்டை வழியாகக் காய்ந்த சேறு கொட்டியது. ஒன்பது வருடம் முந்தைய சேறு, கூடவே தேயிலைக் குச்சி, ஒரு கண்ணாடிக் கோலி. வாளியில் அள்ளினேன், மூன்று வாளி.

அலுமினிய உடம்பு அப்படியே இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அலுமினியம் தனியாக இருக்கும்வரை காற்றில் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொண்டு பிழைத்துவிடும். எஃகோடு ஒட்டி, இடையில் ஈரமும் புகுந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம். கதவுச் சட்டம் எஃகு, கதவுத் தோல் அலுமினியம். இரண்டும் தொடுகிற ஓரமெல்லாம் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. கேமரன் மலை மழையில் இந்தப் பேட்டரிக்கு ஓய்வே கிடையாது. இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வைத்திருக்கிறேன். சைக்கிள் டியூப்தான், வெட்டியது.

பாகம் தேடுவதில் நான் கற்றதை மட்டும் எழுதினாலே தனிக் கட்டுரை ஆகும். இசுசு பக்கம் பிரச்சினை இல்லை. அதே எஞ்சின் குடும்பம் பிற்காலப் பிக்அப்களிலும் வந்ததால் கேஸ்கெட் செட், பிஸ்டன் ரிங், லைனர் எல்லாம் ஈப்போவில் எந்தக் கடையிலும் உண்டு. சிரமம் இங்கிலாந்துப் பாதியில்தான். புதிய கால்வனைஸ் சேஸிஸ் இன்றும் இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள், ஆனால் அதன் விலையும் கப்பல் கூலியும் சேர்ந்தால் நான் ஓட்டுகிற மைவியை விற்க வேண்டும். மூன்று மில்லித் தகடு வாங்கி, அழுகிய இடங்களை வெட்டி, நானே பற்றவைத்தேன். அழகாக இல்லை. உறுதியாக இருக்கிறது.

லேண்ட்ரோவர் பாகம் என்று கேட்டால் ஒரு விலை. அதே பொருளை அது என்னவோ அந்தப் பெயரில் கேட்டால் வேறு விலை. சக்கர பேரிங்கின் வளையத்தைத் துடைத்தால் ஓர் எண் தெரியும். அது பேரிங் உலகத்துக்குப் பொதுவான எண். அதை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால், லேண்ட்ரோவர் என்ற சொல்லே தேவையில்லை. ஆயில் சீலுக்கு மூன்று அளவு போதும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஆலைகளுக்கு பம்ப் சீல் விற்கிற கடையில் அங்குல அளவிலும் கிடைத்தது. ஆனால் பின் அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் அப்படிக் கிடைக்காது. சீரிஸ் வண்டியின் பலவீனமே அதுதான். பாரம் ஏற்றி, சேற்றில் சிக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டால் 'டக்' என்று முறியும். ஒரு வகையில் பார்த்தால் ஃப்யூஸ் மாதிரி, அதைவிட விலை கூடிய கியர் பற்களைக் காப்பாற்றுகிறது. தாத்தா சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு உபரி ஷாஃப்ட் வைத்திருப்பார். சேற்றிலிருந்து அதையும் எடுத்தேன். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, நேற்று வைத்ததுபோல இருந்தது.

பிரேக் சிலிண்டர்தான் என்னை ஏமாற்றியது. இணையத்தில் தேடி இங்கிலாந்துக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். மூன்று வாரம் காத்திருந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே வார்ப்பில் 'மேட் இன் இந்தியா'. என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி நேராகப் பினாங்கில் இறங்கினார். இந்த சிலிண்டர் முதலில் இங்கிலாந்து போய், அங்கே விலை ஏறி, பிறகு மலேசியா வந்திருக்கிறது. இந்தியாவில் செய்ததால் ஒன்றும் குறைச்சல் இல்லை; கியர்பாக்ஸுக்கு நான் வாங்கிய இன்னொரு இந்தியப் பாகம் அச்சாகப் பொருந்தியது. ஆனால் இந்த சிலிண்டர் ஒரே வாரத்தில் கசிந்தது. கடைசியில் பழைய சிலிண்டரையே ஈப்போ லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், உள்ளே கடைந்து பித்தளைக் குழாய் இறக்கினோம். புதியது வாங்கிய செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய லேண்ட்ரோவர் சேகரிப்பவர், விஷயம் தெரிந்தவர், என்னைவிட நிறையவே தெரிந்தவர். சேஸிஸ் எண்ணைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். பானெட்டைத் திறந்ததும் சுருங்கிவிட்டது. "அந்த இசுசுவைத் தூக்கிடுங்க. ஒரிஜினல் எஞ்சின் நான் தேடித் தர்றேன். பாடிக்குப் பழைய பச்சை அடிங்க. நல்ல விலை தர்றேன்." நல்ல விலைதான் சொன்னார். என் சம்பளத்துக்கு ஏழெட்டு மாதம்.

அவர் போன பிறகு வெகுநேரம் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரிஜினல் என்றால் எந்த வருடத்து ஒரிஜினல்? 1966 என்றால் அது துரை வண்டி. எட்டே வருடம் துரை ஓட்டினார், முப்பத்தேழு வருடம் தாத்தா ஓட்டினார். எட்டு வருடத்துக்காக முப்பத்தேழைச் சுரண்டி எடுப்பதற்குப் பெயர் மீட்டெடுப்பு என்றால், எனக்கு அந்தச் சொல்லின் மேல் சந்தேகம் வருகிறது. சேகரிப்பவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வரலாறு சோலிஹல் ஆலையோடு முடிகிறது. பஸ்ஸில் போன அட்டைத்துண்டு அவருடைய கையேட்டில் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கம் நானும் யோக்கியன் இல்லை. அந்த 4ஐ அப்படியே விட்டுவைக்கத்தான் எனக்கு ஆசை. மூன்று சாயமும் தெரிகிற மாதிரி கதவை மட்டும் பாதி தேய்த்து, மேலே கிளியர் கோட் அடித்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லலாம் என்று திட்டம். இன்ஸ்டாகிராமில் போட்டால் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். பாட்டியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்குக் காட்டப் போற?"

"எல்லாருக்கும்தான் பாட்டி. வரலாறுல்ல."

"உனக்கு வரலாறு. ஒங்க தாத்தா அத மூணு தடவ அடிச்சு மூடுனாரு. நீ தொறந்து வைக்கப் போறியா?" வெற்றிலையை வாயில் வைத்தார். "மூடிரு சாமி."

தாப்பாவில் சாயக்கடையில் நீலத்தைக் கலக்கச் சொன்னேன். தாத்தாவின் நீலம் கணினிப் பட்டியலில் இல்லை. பெயர்த்தெடுத்த ஒரு துண்டைக் காட்டி, நாலு முறை கலந்து, ஐந்தாவதில் சரியாக வந்தது. ஸ்ப்ரே துப்பாக்கி கையில் இருந்தும் அந்தக் கதவை மட்டும் பிரஷ்ஷால் அடித்தேன். 4இன் மேல் மூன்று பூச்சு.

மிச்சமிருப்பது காகிதம். இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை மாற்ற அமானா ராயாவிலிருந்து கடிதம் வேண்டும், பிறகு பரிசோதனை, பிறகு ஜே.பி.ஜே. அப்பா விண்ணப்பத்தை வாங்கி வைத்து எட்டு மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட்டால் புது கிராண்டில் என் பெயர் வரும், தாத்தா பெயர் எங்கேயும் இருக்காது. போடாவிட்டால் நான் இவ்வளவு செலவு செய்த வண்டி சாலைக்கு வர முடியாது, இன்னொரு லோரி ஹந்துவாகத் தோட்டத்துக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான். பழைய பத்திரத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா, "நகல் எடுத்து என்னப்பா பண்றது" என்றார். படிவம் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது, பழைய பத்திரத்தோடு சேர்ந்து.

போன சனிக்கிழமை எஞ்சினை முதல் முறையாக உசுப்பினோம். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பாட்டி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பொகையக் கொற" என்றார். இன்ஜெக்டர் நாசில் தேய்ந்திருக்கிறது. ஈப்போவில் ஒரு கடையில் நாலு நாசில் செட்டாக வைத்திருப்பதாக ஃபோர்மேன் சொன்னார். முதலில் கேட்கிற விலைக்கு வாங்காதே, போய்விட்டுத் திரும்பி வா என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த சனி போகிறேன்.